ஓட்டை என்றால் ஓடி வருபவள்

என் வீட்டு மாடியில் மற்ற கம்பெனிப் பெண்களோடு குடியிருந்த அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் தென்கோடியில் இருக்கும் அவளுடைய அத்தைக்கு மூக்கில் வேர்த்துவிடும். அடுத்த பஸ்ஸைப் பிடித்து எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியில் வந்து நிற்பாள். ஒரு தடவை வந்ததே எனக்கு ஆயுசுக்கும் போதும்.

குடிவந்த அன்றைக்கே அவள் என் துணி சோப்பைத் திருடினாள். பெட்டியையும் தலையணையையும் படியில் வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மாடியில் இருந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டி விலாப்பக்கம் வெடித்துப் பீச்சியடித்தது. நான் கீழே நின்று விசாரணையைத் தொடங்கினேன். எனக்கு எது உடைந்தாலும் முதலில் உடைத்தவன் யார் என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

"எவன்டா அது தொட்டி மேல ஏறி நின்னவன்? கேபிள்காரனா? டேய், நீ நேத்து மேல போயி இன்னா பண்ணிகினு இருந்த?"

குளியலறைக்குள் இருந்து என் மகன் கத்தினான். "நான் இல்லமா! நேத்து எனக்கு கம்பெனில ஓவர்டைம்! வூட்லயே இல்ல!"

"அப்ப தொட்டி தானா வெடிச்சிக்கிச்சா?"

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் துவைக்கிற கல்லில் இருந்த சோப்பை எடுத்து, இரண்டாக உடைத்து, ஈரத்தில் பிசைந்துகொண்டே மாடி ஏறினாள். வெடிப்பில் அப்பி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். தண்ணீர் நின்றது. மேலேயிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"யாரு ஒடைச்சான்னு அப்புறமா மெதுவா கண்டுபிடிங்க ஆச்சி. தண்ணி வீணாப் போகுதுல்லா."

எங்கள் பக்கம் கிழவியை ஆயா என்போம். ஆச்சி என்று கூப்பிட்டது ஏதோ செட்டியார் வீட்டு அம்மா மாதிரி இருந்ததால் நானும் திருத்தவில்லை. சோப்புக்குத் திட்டலாம் என்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன்.

அவள் விலங்குகளைப் பற்றிப் பெரிய படிப்பு படித்தவள். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காருக்கு ஒயர் கட்டினாள். தவளையை அறுத்துப் படித்தவள் ஒயர் கட்டுகிறாளே என்று ஊரில் சிலர் உச்சுக் கொட்டினார்கள். எங்கள் வேர்க்கடலைக் கொல்லை கம்பெனி பஸ் நிற்கிற இடமாகப் போனதற்கும் இதே ஆட்கள்தான் உச்சுக் கொட்டினார்கள். அதில் ஒருத்தர்கூட அந்தக் கொல்லையில் குனிந்து களை எடுத்தவர் இல்லை. எடுத்த என் இடுப்பைக் கேளுங்கள், பஸ் நிற்பதைப் பார்த்து அது எவ்வளவு சந்தோஷப்படுகிறது என்று சொல்லும்.

சரி, அவளைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

கம்பெனியில் ஒருநாள் எண்ணெய் போகிற குழாய் ஒன்று வெடித்து லைன் எல்லாம் சொட்டியதாம். சூப்பர்வைசர் வந்து, இது மெயின்டனன்ஸ் வேலையா புரொடக்ஷன் வேலையா என்று போனில் பேசிக்கொண்டிருந்தானாம். இவள் தன் நீல மேல்சட்டையைக் கழற்றிக் குழாயில் சுற்றி, இரண்டு ஒயரால் இறுக்கிக் கட்டிவிட்டாள். மறுநாள் இவளுக்கு மெமோ. எண்ணெய் நின்றதற்கு இல்லை, சீருடை இல்லாமல் நின்றதற்கு. அதைக் கொண்டுவந்து என்னிடம் வாசித்துக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் கைநாட்டுதான். ஆனாலும் அந்தக் காகிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவோம். அந்த வருஷம் கூழ் அண்டாவின் அடியில் பொட்டு வைத்த மாதிரி ஓர் ஓட்டை. அடுப்பிலிருந்து இறக்கி வைத்தபிறகுதான் தெரிந்தது. கேழ்வரகுக் கூழ் மெல்லிய நூலாக மண்ணில் இறங்குகிறது. வரிசையில் சொம்போடு நூறு பேர். எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? அண்டா யார் வீட்டிலிருந்து வந்தது, அதைக் கடைசியாகக் கல்யாணத்துக்கு வாங்கிப் போனது யார் என்று ஆரம்பித்தார்கள். நானும்தான். என் குரல்தான் உரக்கக் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். பூசாரி ஒரு படி மேலே போய், "ஆத்தா கோவமா கீறா" என்று உடுக்கையை எடுத்தார்.

"கோவத்தை அப்புறமா கேட்டுக்கிடலாம் சாமி, கூழு போகுது" என்றாள் அவள். மிச்சம் இருந்த கேழ்வரகு மாவில் அந்தக் கூழையே கொஞ்சம் ஊற்றிப் பிசைந்து, உருட்டி, அண்டாவின் அடியில் கை கொடுத்து அப்பினாள். கை சுட்டிருக்கும். எடுக்கவில்லை. சூட்டில் மாவு வெந்து கெட்டியாகிவிட்டது. நூறு பேரும் குடித்துவிட்டுப் போனார்கள். ஆத்தா கோபத்தைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. பூசாரி மூன்று சொம்பு குடித்தார்.

"எங்கடி கத்துகின இந்த வேலய?" என்று கேட்டேன்.

"நான் எங்க கத்துக்கிட்டேன். உங்க ஒடம்பு தெனமும் செய்யுது ஆச்சி. அதைப் பாத்து காப்பி அடிச்சேன்."

அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பிறகு ஒருநாள் வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போய் என் கன்னம் வெந்தது. தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் வாயைத் திறக்கச் சொல்லி மாட்டு வியாபாரி மாதிரி பார்த்தாள்.

"எத்தனை செல்லு கிழிஞ்சு கெடக்கோ" என்றாள்.

"இன்னாது கிழிஞ்சிது?"

"நம்ம ஒடம்பு பூரா கண்ணுக்குத் தெரியாத செல்லுதான் ஆச்சி. குட்டிக் குட்டி ரூமு மாதிரி. ஒவ்வொண்ணைச் சுத்தியும் எண்ணெய்ப் படலம் மாதிரி மெல்லிசா ஒரு தோல். அதுக்கு வெளிய சுண்ணாம்புச் சத்து நெறைய கெடக்கும். உள்ள வர விடாது. தப்பி வந்தாலும் வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். நீங்க எங்கள அடுப்பங்கரைக்குள்ள விட மாட்டீங்கள்லா, அப்படி."

"வந்தா என் முறுக்கு டப்பாவ காலி பண்றீங்களேடி."

"அந்தத் தோல் கிழிஞ்சா வெளிய இருக்க சுண்ணாம்புச் சத்து உள்ள பாயும். அதான் சைரன். உடனே உள்ள இருக்க சின்னச் சின்னப் பையெல்லாம் ஓட்டையப் பாக்க ஓடி வரும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஓரத்தோடயும் ஒட்டி, கிழிசல் மேல அப்பிக்கிடும்."

"தையல் போடாதா?"

"தைக்க நேரம் ஏது? நீங்க ஒரு வெத்தலை மடிக்கிறதுக்குள்ள வேலை முடியணும். இல்லன்னா செல்லு செத்துரும். அடைச்ச பொறவு சாவகாசமா, கிழிஞ்ச ஓரத்தைக் கிள்ளி வெளிய துப்பிரும்."

துப்பும் என்றதும் எனக்கு ஒரே ஆனந்தம். என் உடம்புக்குள் இருப்பதும் வெற்றிலை போடுகிற கூட்டம்தான் போலிருக்கிறது. முற்றத்தில் ஒரு துப்புத் துப்பிவிட்டுக் கேட்டேன்.

"கிழிச்சது யாருன்னு அது கேக்காதா?"

"கேட்டுக்கிட்டு நின்னா செத்துரும் ஆச்சி."

"யாரு செஞ்சி வெச்ச ஏற்பாடுடி இது? சாமியா?"

"தெரியல. யாரு வச்சிருந்தாலும் உங்க பிளம்பரை விட நல்ல ஆளு."

தினமும் வேலை முடிந்து வந்ததும் ஊரில் இருக்கும் தன் அண்ணனிடம் போனில் பேசுவாள். பேச்சு முழுக்க வசவுதான். எருமை, தடிமாடு, நாற்காலிக்குப் பொறந்தவனே என்பாள். அந்தப் பக்கமும் அப்படித்தான் வரும். நான் ஏதோ சண்டைக்காரக் குடும்பம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள், "இன்னாத்துக்குடி நாற்காலிக்குப் பொறந்தவன்ற?" என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். அண்ணன் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறான்.

பதினெட்டு வயது வரை கபடி ஆடியவனாம். முதலில் குதிகாலைத் தூக்கி நிற்க முடியவில்லை. பிறகு படி ஏற முடியவில்லை. சத்து மாத்திரை கொடுத்தார்கள், எண்ணெய் தேய்த்தார்கள், குலசாமிக்குக் கிடா வெட்டினார்கள். கிடாவைத் தின்றவர்களுக்குத்தான் சத்து ஏறியது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, தசைக்குள் இருக்க வேண்டியதெல்லாம் ரத்தத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"நடந்தாலே தசையில செல்லு கிழியும் ஆச்சி. எனக்கும் கிழியுது, உங்களுக்கும் கிழியுது. உடனே அடைச்சிக்கிடும், நமக்குத் தெரியாது. அவனுக்கு அடைக்க மாட்டேங்கு. பையை ஓட்டையில கொண்டுபோய் ஒட்ட வைக்க ஒரு ஆளு வேணும். ஒவ்வொருத்தருக்கும் அதுக்கு ரெண்டு ஆளு. அப்பா வழியில ஒண்ணு, அம்மா வழியில ஒண்ணு. ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட்டுன்னு வச்சுக்கோங்க. ஒருத்தன் மட்டம் போட்டாலும் இன்னொருத்தன் சமாளிச்சிருவான். ரெண்டு பேருமே மட்டம் போட்டா?"

"லைனு நின்னுடும்" என்றேன். ஒரகடத்துப் பிள்ளைகளுக்கு வீடு விட்டவளுக்கு இதுகூடவா தெரியாது.

"அதான். எங்க அப்பாவும் அம்மாவும் மொறைக்காரங்க. ஒரே குடும்பம். ரெண்டு பேருக்கும் ஒரே ஆளுதான் மட்டம். தனித்தனியா அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. அண்ணனுக்கு ரெண்டு பக்கமும் மட்டம் போடுறவனே வந்து சேந்துட்டான். எனக்கு ஒருத்தன் வாரான், ஒருத்தன் வரல."

அம்மா இறந்துபோனாள். அப்பா லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர். அண்ணனைக் காலையில் கட்டிலிலிருந்து தூக்குவது, குளிப்பாட்டுவது, கழிப்பறையில் உட்கார வைப்பது எல்லாம் பக்கத்து வீட்டில் இருக்கும் அப்பாவின் தங்கை. அந்த அத்தைதான். எட்டு வருஷமாகத் தூக்குகிறாள். அவளுக்கு ஒரே மகன். அந்த மகனுக்கு இவளைக் கட்டி, இரண்டு வீட்டையும் ஒன்றாக்கிவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். அதற்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

இவள் அத்தை மகனிடம் மட்டும் சொல்லி ரத்தம் பார்க்கச் சொன்னாள். அவனுக்கும் ஒருத்தன் மட்டம் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. இரண்டு பேரும் கட்டிக்கொண்டால் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அண்ணன் கதி வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் என் தாய்மாமனைக் கட்டியவள். என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டிய கையாலேயே தாலி கட்டினான். ஆட்டுவதை மட்டும் சாகும்வரை விடவில்லை.

"நாங்கல்லாம் உறவுல கட்டிகினு நாலு பெக்கல? எல்லாம் கல்லுமாரி கீதுங்க."

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஆளு மட்டம் போடல, அவ்வளவுதான் ஆச்சி. எல்லாருக்கும் வாரதில்ல. எங்க வீட்டுல இருக்குன்னு தெரிஞ்ச பொறவு எப்படிக் கட்டுறது?"

"அப்ப வேணாம்னு சொல்லிடேன்."

"சொன்னா அத்தை போயிருவா. அண்ணனை யாரு தூக்குவா?"

வாசலில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. போய்விட்டாள். எந்த ஓட்டைக்கும் ஏதாவது எடுத்துக்கொண்டு ஓடுகிறவள், இதற்கு மட்டும் வெறுங்கையோடு நின்றாள்.

கடைசியில் கல்யாணம் வேண்டாம் என்று அத்தையிடம் போனில் சொல்லிவிட்டாள். சொன்ன மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், அத்தை வந்து இறங்கினாள். ஒரு கை கருப்பட்டிப் பெட்டியில், ஒரு கை இடுப்பில். நல்ல ஆகிருதி. எட்டு வருஷம் ஆளைத் தூக்கிய தோள்.

"ஏட்டி, எங்க ரத்தம் கெட்ட ரத்தமா? எங்க ஆத்தா அப்பன் எல்லாம் கெட்டவங்களா?"

"கெட்டதுன்னு நான் சொல்லல அத்தை. உங்களுக்கு இருக்கது எனக்கும் இருக்கு."

"படிச்ச திமிரு! எவன் கெளப்பி விட்டான் இந்தப் பேச்சை?"

எவன் என்ற சொல் காதில் விழுந்ததும் என் நாக்கு சும்மா இருக்குமா? நடுவில் புகுந்தேன். "ஆமா, யாரு முதல்ல சொன்னது? டாக்டரா, இவளா? பையன் கிட்ட எப்ப சொன்ன?" அதோடு நின்றிருக்கலாம். "நானும் தாய்மாமனத்தான் கட்டினேன் தாயி, எங்க வூட்ல ஒண்ணும் கெட்டுப்போகல" என்று ஒன்றையும் சேர்த்துப் போட்டேன்.

அத்தைக்கு யானை பலம் வந்துவிட்டது. "கேட்டியா? பெரியவுக சொல்லுதாக!" என்று முந்தானையை உதறிச் செருகினாள். "என் மவன் ஒனக்கு ஆகாது. அப்ப ஒன் அண்ணன் மட்டும் எனக்கு ஆகணுமோ? இனி நான் அவனைத் தொட்டா கேளு. நீயே வந்து தூக்கிக்கோ."

இவள் முகம் வெளுத்துவிட்டது. நான் செய்த காரியம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயில் இருந்த வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினேன், ஏதாவது மாற்றிச் சொல்லலாம் என்று. அதற்குள் அவள் போனை எடுத்து அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அத்தையின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஏ எருமை" என்றது அண்ணன் குரல்.

"நாந்தாம்ல" என்றாள் அத்தை, விறைப்பாக.

"அத்தையா! எப்ப வருவீங்க? ஒங்க மவன் என்னைச் சிமெண்டு மூட்டை மாதிரி தூக்குதான். கக்கூசுல ஒக்கார வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டான். அரை மணி நேரம் ஆச்சு."

"இப்ப எங்கல இருக்க?"

"கக்கூசுலதான்."

அத்தை போட்ட சத்தத்தில் மாடியில் தூங்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் படியில் வந்து நின்றார்கள். "சுவத்தைப் பிடிச்சுக்கோ! சாயாத! காலு மரத்துப் போகும்ல! அந்தச் சவத்துப் பயலைக் கூப்பிடு!" அத்தை மகன் ஓடி வந்து போனை வாங்கியிருப்பான் போல. "ஏலே, கக்கத்துல கையைக் குடுத்து, முழங்காலை மடக்கி, நெஞ்சோட அணைச்சுத் தூக்கணும்னு எத்தனை தடவை சொல்லிருக்கேன்? இந்தா, இப்படி!"

போனில் எதுவும் தெரியாது என்பதை மறந்து, பக்கத்தில் இருந்த என் கக்கத்தில் கைகளைக் கொடுத்துத் தூக்கியே காட்டிவிட்டாள். என் கால் தரையில் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பூ மாதிரி தூக்கினாள். என்னை அப்படி யாரும் தூக்கி அறுபது வருஷம் இருக்கும்.

"தூக்கிட்டியா? மெதுவா. முதுகைப் பிடி. ம். நாற்காலியில பிரேக்கு போட்டியா? வச்சுரு. நான் மத்தியான வண்டிக்கு வாரேன். அதுவரைக்கும் அவனைத் தொடாத, கொன்னுருவேன்."

என்னை இறக்கிவிட்டாள். கருப்பட்டியை அப்படியே வைத்துவிட்டு, மருமகள் முகத்தைப் பார்க்காமல் படி இறங்கினாள். இவள் பஸ் நிறுத்தம் வரை பின்னாலேயே அத்தையின் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை கிடைக்காமல் திரும்பி வந்தாள்.

"தெரிஞ்சிதான் போன் போட்டியாடி? அவன் கக்கூசுல கீறான்னு?"

"எனக்கு என்ன தெரியும் ஆச்சி? கையில போன்தான் இருந்துச்சு."

"உங்கிட்ட பேசலியே அவ."

"பேசாட்டாப் போறா. தூக்கட்டும்."

சொல்லிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். எது போனாலும் ஏதாவது எடுத்து அப்புகிறவள், கண்ணில் போனதை மட்டும் அப்படியே விட்டாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யார் மேல் தப்பு என்று கேட்கவில்லை. என் வாழ்நாளில் நான் கேட்காமல் விட்டது அது ஒன்றுதான். கருப்பட்டியில் ஒரு துண்டை உடைத்து அவள் வாயில் திணித்தேன்.

கம்பெனி ஒப்பந்தம் முடிந்ததும் அவள் போய்விட்டாள். இப்போது மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவ்வப்போது போன் பண்ணுவாள். அத்தை இன்றுவரை அவளோடு நேராகப் பேசுவதில்லை. அண்ணனைத் தினமும் தூக்குகிறாள். இவள் அண்ணனோடு பேசுகிற நேரம் பார்த்துத்தான் தூக்க வருவாளாம். தூக்கிக்கொண்டே, போனுக்குக் கேட்கும்படி, சுவரிடம் சொல்வது போலச் சொல்வாளாம்.

போன வாரம் சொன்னதை அவள் எனக்கு அப்படியே அத்தை குரலில் பேசிக் காட்டினாள்.

"எவளோ சொந்தத்தை விட்டு அசல்ல கட்டப் போறாளாம்லா. கட்டட்டும். மாப்பிள்ளைக்குத் தூக்கத் தெரியுமான்னு கேட்டுட்டுக் கட்டச் சொல்லு. எனக்கும் இடுப்பு போச்சு."